யாழினி: ஒரு பெயர் எங்கிருந்து வந்தது?

குழந்தைப் பெயர்த் தளம் எதை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். பெண் குழந்தைப் பெயர்கள், 'ய' வரிசை. முதல் பத்துக்குள் யாழினி இருக்கும். பக்கத்தில் இரண்டே வரி விளக்கம்: யாழ் போல இனிமையானவள், சங்க காலத் தமிழ்ப் பெயர். அந்த வரியை அப்படியே நகலெடுத்து இன்னொரு தளம் போடும், அதைப் பார்த்து மூன்றாவது தளம் போடும். இப்படியே அது ஒரு 'உண்மை' ஆகிவிடும்.

விளக்கத்தின் முதல் பாதியில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. இரண்டாம் பாதிதான் உறுத்தியது. யாழ் சங்க காலத்துக் கருவி, சரி. யாழினி என்ற பெயரும் சங்க காலத்துப் பெயரா? சில மாதங்களாக வார இறுதிகளில் இதைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஒரு பெயரின் பின்னால் போனால் கடைசியில் ஒரு சமூகத்தின் கதையில் வந்து நிற்போம் என்று தொடங்கும்போது நினைக்கவில்லை.

தேடல்

பிழைப்புக்கு மென்பொருள் எழுதுபவன் நான். ஆகவே முதலில் கை போனது நிரல் பக்கம்தான். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, திருக்குறள், சிலம்பு, மணிமேகலை ஆகியவற்றை இறக்கிக்கொண்டு, 'யாழ்' வரும் இடங்களையும் 'யாழினி' என்ற எழுத்துத் தொடர் வரும் இடங்களையும் தனித்தனியாகத் தேடினேன்.

'யாழ்' கொட்டிக் கிடக்கிறது. 'யாழினி'யைத் தேடும்போது ஒரு சங்கடம் உண்டு. தமிழில் சொற்கள் புணரும். 'யாழின்' என்பதற்குப் பின்னால் 'இசை' வந்தால் 'யாழினிசை' ஆகிவிடும். அதற்குள் யா-ழி-னி என்ற மூன்று எழுத்தும் உட்கார்ந்திருக்கும். 'யாழ்' என்பதற்குப் பின்னால் 'இனிது' வந்தாலும் அப்படித்தான். எங்கள் தொழிலில் இதை ஃபால்ஸ் பாசிட்டிவ் என்போம். கணினி 'கிடைத்துவிட்டது' என்று குதிக்கும், போய்ப் பார்த்தால் வேறு ஆள். இந்தப் போலிகளை எல்லாம் கழித்துவிட்டால், ஒரு பெண்ணின் பெயராக யாழினி இந்த நூல்களில் எங்கும் இல்லை.

இந்தப் போலிகளில் ஒன்று மட்டும் அழகானது. 66ஆம் குறள், 'மக்கட்பேறு' அதிகாரம். தன் பிள்ளையின் மழலையைக் கேட்டிராதவர்கள்தான் குழலையும் யாழையும் புகழ்ந்துகொண்டிருப்பார்கள் என்ற கருத்து, பள்ளியில் எல்லோரும் படித்தது. அங்கே 'யாழ்' என்ற சொல்லும் 'இனிது' என்ற சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. சேர்த்துப் படித்தால் முதல் மூன்று எழுத்து நம் பெயரேதான். பெயர் அங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மழலையையும் யாழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ரொம்பப் பழையது. புறநானூற்றின் 92ஆம் பாட்டில் அவ்வையாரும் இதைத் தொடுகிறார். குழந்தையின் பேச்சு யாழோடு ஒத்துவராது, தாளத்துக்கும் நிற்காது, பொருளும் புரியாது. ஆனாலும் தகப்பனுக்கு அது உருக்கம். அதியமானே, என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்கிறார்.

-இனி என்ற வால்

சரி, பெயரைப் பிரித்துப் பார்ப்போம். 'யாழ்' தெரிகிறது. 'இனி' என்ன?

தளங்கள் சொல்வது 'இனிமை'. யாழ் போல் இனியவள். இது கேட்க நன்றாக இருக்கிறது, பெற்றோர் பலர் இந்தப் பொருளை நினைத்துத்தான் வைக்கிறார்கள். பெயருக்குப் பொருள் என்பது வைப்பவர் மனதில் இருப்பதும்தானே. ஆனால் இலக்கண வழி இன்னொன்று இருக்கிறது. சங்க நூல்களில் பாடுகிற பெண்ணுக்குப் பாடினி என்று பெயர். காக்கை கரைவதைப் பாடியதால் காக்கைபாடினியார் என்று ஒரு பெண்பாற் புலவரே இருக்கிறார். பாடுபவள் பாடினி என்றால், யாழை உடையவள் அல்லது யாழை வாசிப்பவள் யாழினி. அச்சு ஒன்றுதான்.

இதற்கு இன்னும் நெருங்கிய சொந்தம் திருவாசகத்தில் கிடைத்தது. திருப்பள்ளியெழுச்சியில் மாணிக்கவாசகர், விடியற்காலையில் இறைவன் முன் கூடி நிற்கும் கூட்டத்தைக் காட்டுகிறார். அதில் வீணை வாசிப்பவர்களையும் யாழ் வாசிப்பவர்களையும் தனித்தனியே குறிப்பிடுகிறார். யாழ் வாசிப்பவர்களுக்கு அவர் பயன்படுத்தும் சொல் 'யாழினர்'. பலர்பாலில் யாழினர் உண்டென்றால், பெண்ணுக்கு யாழினி என்று இன்று யாரோ ஒருவர் ஆக்கியதில் இலக்கணத்துக்கு எந்த உறுத்தலும் இல்லை.

மூன்றாவது காரணம் காது சம்பந்தப்பட்டது. மாலினி, நளினி, பத்மினி, ராகினி. இந்த வடமொழிப் பெயர்களின் '-இனி' ஓசை நம் வீடுகளில் பல தலைமுறையாகப் புழங்கிவிட்டது. யாழினி என்று கூப்பிட்டுப் பாருங்கள், அதே தாளம். வேர் பழந்தமிழ், ஓசை எல்லோருக்கும் பழகியது. பாட்டிக்கும் பிடிக்கும், தமிழாசிரியருக்கும் பிடிக்கும். இந்தப் பெயர் வெற்றி பெற்றதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

ஆக, யாழினி சங்கப் பெயர் அல்ல. சங்கச் சொல்லில் இருந்து நம் காலத்தில் செய்த பெயர். இதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

யாழ் என்பது வீணை அல்ல

யாழ் என்றதும் பலர் மனதில் வருவது சரஸ்வதி மடியில் இருக்கும் வீணை. இரண்டும் குடும்பத்திலேயே வேறு. வீணையில் நீண்ட தண்டும் அதன்மேல் மெட்டுகளும் உண்டு. ஒரே தந்தியை வெவ்வேறு இடத்தில் அழுத்தி வெவ்வேறு சுரம் எடுக்கலாம். யாழ் வில் போல வளைந்த கருவி. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். அழுத்துவதற்கு அடியில் பலகை கிடையாது. திறந்த நரம்பை விரலால் தெறிக்க வேண்டும். மேற்கத்திய ஹார்ப் இருக்கிறதே, அந்த இனம்.

வளைந்தது என்பதற்குத் திருவள்ளுவரே சாட்சி. 279ஆம் குறளில் நேராக இருந்தும் கொல்லும் அம்பையும், வளைந்திருந்தும் இனிமை தரும் யாழையும் ஒப்பிட்டு, மனிதரை அவர் செயலால் எடைபோடச் சொல்கிறார். உவமை வேலை செய்ய வேண்டுமென்றால் கேட்பவருக்கு வளைந்த யாழ் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் எளிய யாழ் ஒன்று வருகிறது. இடையன் ஒருவன் உள்ளே துளையுள்ள குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, காட்டிலேயே ஒரு வில்யாழ் செய்து வாசிக்கிறான். வில்லின் நாண் அதிர்வில் இருந்து இசைக்கருவி பிறந்தது என்று சொல்வார்களே, அதைக் கண்ணால் பார்ப்பது போன்ற காட்சி இது.

பிறகு கருவி வளர்ந்தது. சிலப்பதிகார உரையில் எடுத்துக் காட்டப்படும் கணக்குப்படி பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. பத்தர், கோடு, திவவு, ஆணி என்று உறுப்பு உறுப்பாக வருணிக்கும் பாட்டுகள் உண்டு. பொருநராற்றுப்படை யாழை ஒப்பனை செய்த மணப்பெண்ணைப் போல இருக்கிறது என்கிறது. அதே பாட்டு, வழிப்பறிக் கள்வர்கூட அந்த இசையைக் கேட்டு ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவார்கள் என்றும் சொல்கிறது. பண்ணுக்கே யாழ் என்று பெயர் இருந்தது. பாலை யாழ், குறிஞ்சி யாழ், மருத யாழ் என்பவை அந்தந்த நிலத்தின் பண்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை, பறை இவற்றோடு யாழையும் சேர்க்கிறது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமான கருவி என்று சொல்வதற்கில்லை. 4ஆம் நூற்றாண்டுக் குப்தப் பேரரசர் சமுத்திரகுப்தரின் தங்கக் காசு ஒன்றில் அரசர் உட்கார்ந்து வாசிப்பது இதே வில் வடிவக் கருவிதான். வடக்கே அதற்கும் அன்று வீணை என்றே பெயர். பர்மாவில் சவுங் என்ற வளைந்த யாழ் இன்றும் அரங்கில் ஒலிக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பர்தான் என்ற பாடகர் சமூகத்திடம் ஐந்து நரம்புள்ள 'பீன் பாஜா' என்ற சின்ன யாழ் மிச்சமிருக்கிறது. இந்த பர்தான்கள் கோண்டு மக்களுக்குப் பரம்பரைப் பாடகர்கள். புரவலர் வீட்டுக்குப் போய் அவர்கள் குலக்கதையைப் பாடிப் பரிசு பெறுபவர்கள். படிக்கும்போதே நம் பாணர்கள் நினைவுக்கு வருகிறார்கள், இல்லையா?

ஏன் காணாமல் போனது?

இதற்கான விடை ஒரு கதைக்குள் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பதிகங்களுக்கு யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில், இன்றைய காரைக்கால் பக்கம், யாழ்ப்பாணரின் உறவினர்கள் பெருமையாக ஒன்று சொன்னார்கள்: இவன் யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தரின் பாட்டு உலகமெல்லாம் பரவுகிறது. யாழ்ப்பாணருக்குத் தாங்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடிக் காட்டும்படி சம்பந்தரிடம் அவரே கேட்டார். சம்பந்தர் பாடினார். யாழ் திணறியது. யாழ்ப்பாணர் கருவியை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, கருவிக்கு ஓர் எல்லை உண்டு, முடிந்தமட்டும் வாசியும் என்றார். அந்த ஊர் இறைவனுக்கே யாழ்மூரிநாதர் என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை விரிவாகச் சொல்கிறார்.

பக்திக் கதையாகவே இதைப் படித்துவந்தேன். கருவியின் அமைப்பைப் புரிந்துகொண்ட பிறகு இது தொழில்நுட்பக் குறிப்பாகவும் தெரிந்தது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்றால், கட்டிய நரம்புகளுக்கு வெளியே போகும் பாட்டை எப்படி வாசிப்பது? பண் மாறினால் நரம்பின் சுதியை மாற்ற வேண்டும். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் குரல் வழுக்கிப் போகும் அந்த அசைவை, நாம் இன்று கமகம் என்கிறோமே, அதைத் திறந்த நரம்பில் கொண்டுவருவது பெரும் பாடு. தண்டுள்ள வீணையில் இது சுலபம். மாணிக்கவாசகர் காலத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பிறகு வீணை தங்கியது, யாழ் போனது. வாய்ப்பாட்டின் நெளிவு சுளிவு கூடக்கூட யாழால் துரத்திப் பிடிக்க முடியவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் கருவி போனதற்கு இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அதை வைத்திருந்த மனிதர்களைப் பற்றியது.

வாசித்த கை

யாழை வாசித்தவர்கள் பாணர்கள். அவர்களோடு பாடினியும் விறலியும் வருவார்கள். சின்ன யாழ் வைத்திருந்தவர் சிறுபாணர், பெரிய யாழ் வைத்திருந்தவர் பெரும்பாணர். பத்துப்பாட்டில் இரண்டு நூல்களுக்குப் பெயரே அவர்களால்தான். அரசன் பாணனுக்குப் பொன் தாமரை சூட்டுவான், பாடினிக்குப் பொன்மாலை தருவான். நாம் மேடையில் சொல்வது இந்தப் பாதியைத்தான்.

மறு பாதி சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. பரிசு பெறுவதற்கு முன் தன் வீடு எப்படி இருந்தது என்று பாணன் சொல்கிறான். அடுப்படியில் குட்டி போட்ட நாய், பாலில்லாமல் குரைக்கிறது. கூரை இற்றுக் கிடக்கிறது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கு வழியில்லாமல் அப்படியே வேகவைக்கிறாள். பிறகு, பார்த்தால் ஊர் சிரிக்கும் என்று வாசல் கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு பகிர்ந்து தின்கிறார்கள். யாழ் வாசித்த வீடு இது.

மாங்குடி கிழார் புறநானூற்றில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற இந்த நான்கைத் தவிர வேறு குடி இல்லை என்று பாடுகிறார். அப்படி முன்னால் வைத்துச் சொல்லப்பட்ட பாணன், பக்தி இயக்கக் காலத்துக்கு வரும்போது எங்கே நிற்கிறான் தெரியுமா? கோயில் வாசலுக்கு வெளியே. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயில் வாயிலில் நின்று யாழ் வாசித்தார். இறைவன் அடியார்களின் கனவில் வந்து சொன்ன பிறகே உள்ளே அழைத்துப் போனார்கள். ஈரத் தரையில் யாழ் கெட்டுவிடும் என்று பொற்பலகையும் இறைவன் சொல்லித்தான் கிடைத்தது. திருவாரூரில் அவருக்காக வடதிசையில் வேறொரு வாயில் உண்டானது என்கிறது பெரியபுராணம். வைணவத்தில் திருப்பாணாழ்வார். காவிரியின் தென்கரையில் நின்றபடியே அரங்கனைப் பாடியவர். லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார் என்பது மரபு. இரண்டு கதைகளும் அடியாரின் பெருமையைச் சொல்ல எழுந்தவை. கூடவே, கடவுள் தலையிடாவிட்டால் ஒரு பாணர் எங்கே நிறுத்தப்பட்டிருப்பார் என்பதையும் அவை நமக்குச் சொல்லிவிடுகின்றன.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தியது இன்னொரு செய்தி. தேவாரப் பதிகங்கள் மறுபடி கிடைத்தபோது, அவற்றின் பண்கள் மறந்துபோயிருந்தன. திருமுறைகண்ட புராணத்தின்படி ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். இன்று விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திரப்பட்டினம் என்று சொல்லப்படும் ஊர். யாழ்ப்பாணரின் சொந்த ஊர். அங்கே அவர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண்களை வகுத்துக் கொடுத்தார். இன்று ஓதுவார்கள் பாடும் பண்முறைக்கு மரபு சொல்லும் ஊற்று, பாணர் குலத்துப் பெண் ஒருவரின் நினைவு. யாழினி என்ற பெயருக்கு வரலாற்றில் ஒரு முகம் தேடினால், என் ஓட்டு அவருக்குத்தான்.

அதற்குப் பிறகு பாணர் என்ற சொல்லின் பயணம் இறக்கம்தான். விறலி என்ற சொல், 18ஆம் நூற்றாண்டு விறலிவிடு தூதுகளில் காமக் கதைக்கான தூதுப் பாத்திரமாகிவிட்டது. 1909இல் வந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் தொகுப்பில் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துப் பாணர்கள் தையல் தொழிலாளிகளாகப் பதிவாகியிருக்கிறார்கள். கேரளத்தில் பாணர்கள் விடியற்காலையில் வீடு வீடாகப் போய்த் துயிலுணர்த்துப் பாட்டுப் பாடும் வழக்கம் இருந்தது. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில், கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை வட்டம் என்ற குறிப்போடு, 'பாணன்' என்ற பெயர் இருக்கிறது. சங்கப் பாணரையும் இவர்களையும் ஒரே நேர்க்கோட்டில் இணைப்பது அவ்வளவு சுலபமில்லை. இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கிறது. ஆனால் பெயர் அதுதான்.

மறுபடி வந்த வழி

கருவி ஒலிக்காத பல நூற்றாண்டுகள் 'யாழ்' என்ற சொல் ஏட்டுச்சுவடிக்குள் இருந்தது. அது வெளியே வந்தது அச்சில். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். காந்தருவதத்தையைச் சீவகன் யாழ்ப் போட்டியில் வென்று மணப்பது அதில்தான். 1889இல் பத்துப்பாட்டு, பாணர்களின் ஆற்றுப்படைகளோடு. 1892இல் சிலப்பதிகாரம், கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழை மாற்றி மாற்றி வாங்கிப் பாடி, அந்தப் பாட்டாலேயே பிரிந்து போகும் கானல்வரியோடு.

சொல் வந்துவிட்டது, கருவி எப்படி இருந்திருக்கும்? இதற்காக உட்கார்ந்தவர் விபுலானந்த அடிகள். கிழக்கிலங்கையின் காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்தவர். அறிவியல் படித்தவர், லண்டன் பி.எஸ்ஸி. தேறியவர். பிறகுதான் துறவு, தமிழ்ப் பேராசிரியர் பதவி எல்லாம். பழைய உரைகளில் இருந்த நரம்புக் கணக்கை எடுத்து, சுர விகிதங்களோடு பொருத்தி, யாழின் வடிவங்களை மீட்டு அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடு. அடுத்த மாதமே அடிகள் காலமானார். என்னைப் போலப் பகலில் கணக்கும் இரவில் தமிழும் பார்க்கிறவர்களுக்கு அவர் ஒரு குலதெய்வம் மாதிரி.

ஈழத்துத் தமிழருக்கு இந்தச் சொல்லோடு இன்னொரு ஒட்டு உண்டு. அவர்களுக்கு யாழ் என்றால் ஊரும்தான். யாழ் வாசித்த ஒரு குருடர் அரசனிடம் பரிசாகப் பெற்ற மணல் நிலமே யாழ்ப்பாணம் ஆனது என்று யாழ்ப்பாண வைபவமாலை கதை சொல்கிறது. வரலாற்று ஆய்வாளர் பலர் இதை ஏற்பதில்லை. ஆனாலும் ஊரை விட்டு டொராண்டோவிலோ லண்டனிலோ வாழும் ஒரு குடும்பம் மகளுக்கு யாழினி என்று பெயர் வைக்கும்போது அதில் கருவி மட்டும் இருக்காது என்பதை ஊகிக்கலாம்.

பெயர் வைக்கும் பழக்கமும் இதே காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம், வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி, மறைமலை அடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். பிள்ளைகளுக்குத் தமிழ்ச்செல்வி, கயல்விழி, பூங்கோதை. இவை எல்லாம் இரண்டு சொல் ஒட்டிய நீளப் பெயர்கள். கொஞ்சம் கொள்கை வாசனையும் உண்டு. எண்பதுகளில் பள்ளி போன என் தலைமுறையில் இசைப் பெயர் என்றால் சங்கீதா, கீதா, கல்யாணி, ரஞ்சனி. என் கூடப் படித்தவர்களில் ஒரு யாழினிகூட இல்லை. என் மகள் வகுப்பில் இரண்டு பேர்.

இங்கிலாந்தில், அமெரிக்காவில் எல்லாம் எந்த ஆண்டு எந்தப் பெயர் எத்தனை குழந்தைக்கு என்று அரசாங்கமே பட்டியல் போடும். நம் ஊரில் அந்த வழக்கம் இல்லாததால் நான் வரைபடம் போட்டுக் காட்ட முடியாது. ஆனால் காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. மூன்றே எழுத்து. தமிழ்ப் பெயர், ஆனால் பழைய வாடை இல்லை. எந்தச் சாமியின் பெயரும் இல்லை, எந்தச் சாதியின் அடையாளமும் இல்லை. நடுவில் 'ழ' என்ற சிறப்பெழுத்து வேறு.

அந்த 'ழ'தான் பிள்ளையைப் படுத்தும். மதுரைக்குத் தெற்கே போனால் யாளினி. சென்னையில் சில தெருக்களில் யாயினி. இதெல்லாம் வட்டார வழக்கு, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வேடிக்கை. தமிழ்நாட்டில் இசட்டும் எச்சும் போடுவோம். வடக்கே போனால் அதை யாஜினி என்று படிப்பார்கள். இலங்கை வழக்கில் எல் போடுவார்கள், யாழ்ப்பாணத்தை எழுதுவது போல ஆரும் எல்லும் சேர்ப்பவர்களும் உண்டு. ஒரே பெயருள்ள இரண்டு பெண்கள், கடவுச்சீட்டில் வேறு வேறு பெயர்க்காரிகள். தரவுத்தளத்தில் பெயரை ஒப்பிடும் நிரல் எழுதியவர்களுக்கு இந்த வலி தெரியும்.

இப்போது கருவியும் திரும்புகிறது. 'உரு' என்ற பெயரில் இசைக்கருவிகள் செய்யும் தருண் சேகர் போன்றவர்கள் மரத்தைக் குடைந்து, தோல் போர்த்தி, யாழ் செய்கிறார்கள், யூடியூபில் கேட்கலாம். கேளுங்கள், வீணையின் கனம் இருக்காது. சின்ன மணிகளை வரிசையாகத் தட்டினாற்போல இருக்கும்.

மகளுக்கு இந்தப் பெயரை வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 'சங்க காலப் பெயர்' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். கருவியைக் காட்டுங்கள், விபுலானந்தர் பெயரைச் சொல்லுங்கள். கொஞ்சம் பெரியவளானதும் எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணைப் பற்றியும், கதவை அடைத்துக்கொண்டு உப்பில்லாக் கீரை தின்ற அந்த வீட்டைப் பற்றியும் சொல்லுங்கள். கருவியின் பெயரை ஆசையாக எடுத்துக்கொண்டோம். வாசித்தவர்களின் பெயரைப் பட்டியலில் விட்டுவிட்டோம். அவள் பெயருக்குள் அந்தக் கணக்கும் இருக்கிறது.